கைஹுவான் கேட்ட குதிரை

செத்துப்போகும் ஆண்களுக்குக் குதிரை, பெண்களுக்கு மாடு. இருபத்தொன்பது வருஷமாகச் சோளத்தட்டையைக் கட்டி, காகிதம் ஒட்டி நான் செய்து விற்பது இவைதாம். குதிரை ஏறிப் போவதற்கு. மாடு ஏறிப் போவதற்கு இல்லை, தண்ணீர் குடிப்பதற்கு. ஒருத்தி உயிரோடு இருந்த காலத்தில் துவைத்தும் கழுவியும் பிள்ளை பெற்றும் அழுக்காக்கிய தண்ணீர் அத்தனையையும் அந்த உலகத்தில் அவள் முன்னால் கொண்டுவந்து வைத்து, குடி என்பார்களாம். ஒருத்தியால் எவ்வளவுதான் குடிக்க முடியும்? அதனால் அவளுக்குப் பதிலாகக் குடிக்க ஒரு மாட்டையும் சேர்த்து எரித்து அனுப்புகிறோம். ஆண்களுக்கு அந்தத் தொல்லை ஏன் இல்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. கேட்டிருந்தால் பாதி வியாபாரம் படுத்திருக்கும்.

தொழில் ஓகோவென்று நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் காகிதத்தில் கார், செல்போன், ஏசி எல்லாம் கேட்கிறார்கள். போன வருஷம் துணி துவைக்கும் மெஷின் செய்ய ஆரம்பித்தேன். கிழவிகளுக்கென்று நன்றாகவே போகிறது. "துவைக்கிற மெஷினையும் நீங்களே விக்கறீங்க, அது வெளிய விடற அழுக்குத் தண்ணியக் குடிக்க மாட்டையும் நீங்களே விக்கறீங்க. உங்கள மாதிரி ஆளு இந்த வட்டாரத்துலயே கிடையாது" என்றாள் என் மனைவி. கண்களும் நாக்கும் வரைவது அவள் வேலை. அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்படி நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்தவன் கடைக்குள், ஒரு சந்தை நாள் காலையில், யாங்போ கிராமத்துக் கைஹுவான் வந்து நின்றாள்.

"ஒரு குதிரை வேணும் தம்பி. வெள்ளைல, நல்லா உயரமா."

நான் முகத்தை வழக்கம்போலத் துக்கமாக்கிக்கொண்டு, தெஷுன் அண்ணன் எப்போது தவறினார் என்று விசாரித்தேன். தெஷுன் அவள் கணவன்.

"அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நூடுல்ஸ் கடைல ரெண்டாவது கிண்ணம் வாங்கிட்டிருக்காரு, எட்டிப் பாரு. குதிரை எனக்கு."

சாவதற்கு முன்பே சவப்பெட்டி வாங்கிப் பரணில் வைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். சாவுத் துணியைத் தைத்து, போட்டுப் பார்த்து, இடுப்பில் பிடிக்கிறது என்று பிரித்துத் தைத்தவளைக்கூட எனக்குத் தெரியும். ஆனால் குதிரை கேட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. சிரித்துவிட்டேன். அவளும் கூடவே சிரித்தாள். சிரித்து முடித்ததும், எப்போது தயாராகும் என்று கேட்டாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைஹுவான் என்றால் 'மாற்றிக் கொடு' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும் அவள் அப்பன் தெய்வத்துக்குப் போட்ட மனு அது. மனு பலித்தது, அடுத்தது பையன். அவனுக்கு ஏழு வயதானதும் அவள் புத்தகப்பை அவன் தோளுக்குப் போனது. அவள் இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனாள். அவன் மூன்று தரம் பெயிலாகி அவனும் ஆட்டுக்கே வந்து சேர்ந்தான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருக்காது, "ஆடுங்க என் பேச்சத்தான் கேக்கும்" என்ற பெருமைதான் இருக்கும்.

இருபத்துமூன்று வயதில் யாங்போவுக்கு வாழ்க்கைப்பட்டாள். வறண்ட ஊர். கிணறு ஒரு மைல் தள்ளி, பள்ளத்தில். காவடித் தடியில் இரண்டு வாளி தொங்கவிட்டுச் சுமந்து மேலே ஏற வேண்டும். வந்த நாளிலிருந்து அந்த வேலை மருமகளுடையது. ஐம்பத்துநாலு வயதில் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். பெண்டாட்டி ஓட்டும் வண்டியில் உட்கார வெட்கப்பட்டுத் தெஷுன் ஒரு மாதம் சந்தைக்கு நடந்தே வந்தார். பனி கொட்டத் தொடங்கியதும் வெட்கம் போய்விட்டது. இப்போது பின்னால் உட்கார்ந்து வழி வேறு சொல்கிறார்.

அன்றைக்கு நான், அக்கா, பெண்களுக்கு மாடுதானே வழக்கம் என்று பணிவாகத்தான் ஆரம்பித்தேன். அவள் கடை முக்காலியில் உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு தம்பி. எங்க வீட்ல ஒரே ஒரு பேசின். காலைல மொதல்ல மாமனாரு மூஞ்சி கழுவுவாரு. அப்புறம் என் வீட்டுக்காரரு. அப்புறம் கொழுந்தன். பொறவு என் பையன். அதுக்கப்புறம்தான் மாமியாரு, என் பொண்ணு. கடைசில நான். என் கைக்கு வர்றப்ப அது தண்ணியா, கூழா? அதுல மூஞ்சி கழுவி, அதுலயே அவங்க காலுறைய அலசி, அப்புறம் பன்னிக்கு ஊத்துவேன். எந்தத் தண்ணிய நான் அழுக்காக்குனேன்? எனக்கு வர்றப்பவே அது அழுக்குதான். மாடு வேணும்னா எங்க மாமனாருக்குக் கொடுத்திருக்கணும். அவரு குதிரைல ஏறிப் போயிட்டாரு."

மகள் பிறந்த அன்று தன்னைக் கழுவிக்கொள்ள அரைச் சட்டி வெந்நீர் கிடைத்ததையும், மகன் பிறந்தபோது மாமியார் ஒரு குடம் நிறையச் சுடவைத்துக் கூடவே ஒரு கோழியையும் அடித்ததையும் சொன்னாள். பிள்ளைப்பேற்றுத் தண்ணீர் என்று பார்த்தாலும் மகனுக்குத்தான் அதிகம் செலவு என்றாள். பதில் தெரியாதபோது நான் செய்வதைச் செய்தேன். பாங் ஐயாவைக் கேளுங்கள் என்று தள்ளிவிட்டேன்.

பாங், யாங்போவின் சாவுக் காரியத் தலைவர். யார் முன்னால் நடப்பது, யார் எத்தனை முறை மண்டியிடுவது, எந்த மேசையில் யார் உட்காருவது, எல்லாம் அவர் சொல்வதுதான். கெட்டவர் இல்லை. கூலி வாங்காமல் முப்பது வருஷமாக ஊர்ப் பிணங்களை ஒழுங்காக அனுப்பிவைக்கிறவர். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் உண்டு: இதுக்கு முன்னாடி நடந்திருக்கா? நடந்திருந்தால் நடக்கலாம். நடக்காதது நடக்கக் கூடாது. கைஹுவான் போய், எல்லாமே ஒருகாலத்தில் முதல் தடவையாக நடந்ததுதானே என்று மடக்கியிருக்கிறாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முதல் தடவைகள் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன என்று சொல்லி அனுப்பினாராம்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். கைஹுவான் அடுத்த சந்தைக்குள் அவர் பேச்சிலேயே ஒரு வழி கண்டுபிடித்து வந்தாள். தனக்கு முன்னால் யாங்போவில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, குதிரையில் போய்விட்டால் போதும். அப்புறம் பாங் வாயைத் திறக்க முடியாது.

"எங்க மாமியாருக்கு எண்பத்துநாலு ஆச்சு" என்றாள், முகம் மலர்ந்து.

தெஷுனின் அம்மாவான அந்தக் காங் வீட்டுக் கிழவியைத் தெரியாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் இல்லை. அவள் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. பிறந்த வீட்டுக் குலம் சுயே என்று தெரியும். பேசினில் யாருக்குப் பின் யார் என்ற வரிசையை அத்தனை காலமும் ஒரு நாள் பிசகாமல் காத்தவள் அவள்தான். மருமகள் போய்க் குதிரைப் பேச்சை எடுத்ததும், காலில் இருந்த செருப்பைக் கழற்றி வீசினாளாம். ஊர் சிரிக்கும், செத்தும் தன்னை நிம்மதியாக இருக்கவிட மாட்டாள் இவள் என்று கத்தியது பக்கத்து மேட்டுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாளே எனக்கு ஆள் மூலம் சேதி வந்தது. மாடு. அதுவும் இருப்பதிலேயே பெரியது. வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எனக்குச் சந்தை நாட்கள் போனதே தெரியவில்லை. மருமகள் வண்டியை ஓட்டி வருவாள், பின்னால் மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடை வாசலில் வண்டி நிற்கும். குதிரை என்பாள் ஒருத்தி. மாடு என்பாள் மற்றவள். குதிரையில் போய் அங்கேயும் வண்டி ஓட்டப் போகிறாளா என்று கிழவி. மாட்டோடு போய்ச் சேற்றில் நில்லுங்கள் என்று மருமகள். நூடுல்ஸ் கடைக்காரன் கையில் கரண்டியோடு வந்து நின்று கேட்பான். தெஷுன் மட்டும் தலையைத் தூக்காமல், இருக்கிற வினிகரையெல்லாம் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் உயிரோடு இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

எனக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவி, "நான் போனா எனக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், நல்ல மாடாகப் பண்ணுகிறேன் என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். நாலு நாள் குதிரைகளும் மாடுகளும் கண் இல்லாமல் கடையில் நின்றன.

இலையுதிர்காலத்தின் கடைசியில் கிழவி படுத்துவிட்டாள். தான் செத்த பிறகு வரப்போகும் மாட்டை இப்போதே பார்க்க வேண்டும், காகிதக்காரனை வரச் சொல் என்று தெஷுனை அனுப்பினாள். மாடு இன்னும் எலும்புக்கூடாகத்தான் இருந்தது. அளவாவது சொல்லிவிட்டு வருவோமே என்று பிற்பகலில் யாங்போவுக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்தபோது கைஹுவான் பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாமியாரைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டிருந்தாள். அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்கும் படுக்கை மேடையில், கழுத்துவரை பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிழவி உட்கார்ந்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. மருமகளை ஏதோ சாக்குச் சொல்லி அண்டை வீட்டுக்கு அனுப்பினாள்.

"இன்னிக்கு அவ எனக்கு மொதல் தண்ணி கொடுத்தா" என்றாள். "வீட்டுக்குக் கொழா வந்து ஆறு வருஷமாச்சு. நான்தான் பழக்க தோஷத்துல மிச்சம் இருக்கறத எடுத்துக்குவேன். இன்னிக்கு யாரும் கை வெக்காத தண்ணி. குனிஞ்சா என் மூஞ்சி தெரிஞ்சுது."

நான் மாட்டின் உயரத்தைப் பற்றி ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அறுபது வருஷத்துக்கு முன்னாடி, எலி வருஷம், எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா. தெஷுனுக்கு மூத்தவ. பஞ்சம். வீட்ல எல்லாருக்கும் கால் வீங்கிக் கெடக்கு. பையனா இருந்தா எப்படியாவது வெச்சுக்கலாம்னாரு என் மாமனாரு. நாப்பதாம் நாள் ஒரு உப்பு யாவாரி வந்தான். கூடைல வெச்சு, ஆத்தத் தாண்டி மேக்கால தூக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு படி தினை கொடுத்தான். அந்தத் தினைல காச்சின கஞ்சில நானும் ஒரு கிண்ணம் குடிச்சேன் தம்பி."

வெளியே கைஹுவான் யாரையோ சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். கிழவி அதைக் கொஞ்சநேரம் கேட்டாள்.

"இவளும் அதே எலி வருஷத்துல பொறந்தவதான். வந்த நாள்லேருந்து இவ மூஞ்சிய நேராப் பாக்க என்னால ஆவல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் பண்ணின அழுக்கு ஒரு பேசின்ல அடங்காதுன்னுதான் உன்கிட்ட பெரிய மாடாக் கேட்டேன். இப்ப ரெண்டு நாளா வேற மாதிரி தோணுது. மாடு எல்லாத்தையும் குடிச்சு முடிக்கறவரைக்கும் நான் அங்க குந்திக்கிட்டிருந்தா, அவளத் தேடறது எப்ப? மாடு அசஞ்சு அசஞ்சு நடக்கும். குதிரையாவே பண்ணிடு."

அந்தப் பெண் இன்னும் உயிரோடு இருக்கலாமே என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான்.

"இருந்தா நல்லது. இல்லன்னா எனக்கு முன்னாடியே போயி அங்க தனியா நிக்கும். வெண்பனிப் பருவத்துல பொறந்துச்சு, அந்தப் பருவத்துப் பேரையே, பைலுன்னு நானா வெச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல." அப்புறம் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "கைஹுவான்கிட்ட இப்ப வாயத் தொறந்துடாத. ஜெயிச்சுட்டேன்னு வண்டி ஹாரன அடிச்சுக்கிட்டே ஊரச் சுத்துவா. நான் போன பொறவு அடிக்கட்டும்."

அதிலிருந்து பதினோராம் நாள் கிழவி போய்விட்டாள். தெஷுன் போன் செய்து, அம்மாவுக்கு மாடு என்று சொன்னார். சரி என்றேன். குதிரை ஏற்கனவே முடிந்திருந்தது. வெள்ளைக் குதிரை, கழுத்தில் சிவப்புக் கம்பளி நூலில் கடிவாளம். விஷயத்தை மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அன்று வரைந்த கண்களைப் போல அதற்கு முன் வரைந்ததில்லை. வரைந்து முடித்துவிட்டு, என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். குதிரையை அங்கே இறக்கிவிட்டு நான் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன் என்றாள்.

அப்படித்தான் செய்தேன். படுக்கை விரிப்பால் மூடி எடுத்துப்போய் முற்றத்தில் இறக்கினேன். முன்னால் தெஷுன், அவர் தம்பி, பேரன், மற்ற ஆண்கள். வாசல் ஓரமாக வெள்ளைத் தொப்பிகளோடு பெண்கள் வரிசை, அதில் கைஹுவான். இறந்தவர் பெயரைச் சொல்லும் கொடியில் 'காங் வீட்டுச் சுயே குலத்தாள்' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு முன் எரித்தாக வேண்டும் என்று நாள் பார்த்தவர் சொல்லியிருந்தார். பாங் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து விரிப்பை இழுத்தார்.

குழல் ஊதிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். யாரோ ஒரு கிழவர் இருமினார். எல்லாரும் குதிரையைப் பார்த்தார்கள், அப்புறம் கைஹுவானைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாகச் சந்தையில் அவள் போட்ட கூச்சல் அவர்களுக்கு மறந்துபோகுமா? ஆனால் அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகத் திகைத்துப்போய் நின்றாள்.

பாங் நிதானமானவர். என்னைத் தேடிப் பிடித்து, தோளில் கைபோட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "லுவோ, ரெண்டு ஊரு சாமான் மாறிப்போச்சு. தப்பா ஏத்திட்டு வந்துட்ட. அப்படித்தான? பரவால்ல, நேரமாச்சு, இத எரிச்சுடுவோம். ஏழாம் நாளுக்கு மாட்டக் கொண்டாந்துடு. தப்பா நடந்தது நடந்ததா ஆகாது."

எனக்குக் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் சண்டை இல்லை, என் வியாபாரத்துக்கும் கேடு இல்லை. கிழவிக்கு ஏழாம் நாள் மாடு போய்ச் சேரும், அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். கைஹுவானுக்கும் அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் மாடுதான் என்று ஆகிவிடும். நான் தைரியசாலி இல்லை. வரி கட்டுமிடத்தில்கூடக் கியூவில் எனக்கு முன்னால் யார் நுழைந்தாலும் பேசாமல் இருப்பவன். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கைஹுவான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. இவன் ஆமாம் என்றுதான் சொல்வான் என்று தெரிந்தவள் பார்க்கிற பார்வை அது. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"தப்பு இல்ல ஐயா" என்றேன். "அந்தம்மா என்னைக் கூப்பிட்டு அவங்க வாயாலேயே கேட்டாங்க. தூரமாப் போகணுமாம். மாடு மெதுவாப் போகும்னாங்க."

எங்கே போக வேண்டுமாம் என்று யாரோ கேட்டார்கள். கிழவி சொன்னதை அப்படியே சொன்னேன். எலி வருஷம், கூடை, இரண்டு படி தினை, பைலு. சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தெஷுன் மண்டியிட்ட நிலையிலேயே திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்துச்சா?" என்றார்.

எரிப்பதற்கு முன் மூத்த மகன் கடிவாளத்தைப் பிடித்து, செத்தவருக்கு வழி சொல்லி அனுப்ப வேண்டும், அதுதான் முறை. தெஷுன் கடிவாளத்தைக் கையில் எடுத்தார், வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. ஐம்பத்தொன்பது வயது மனுஷன் வாய்விட்டு அழுதார். அப்புறம் திரும்பிப் பாராமலே கடிவாளத்தைப் பின்னால் நீட்டினார். அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது. கைஹுவான் பெண்கள் வரிசையை விட்டு, ஆண்களுக்கு நடுவில் நடந்து முன்னால் வந்தாள். பாங் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது.

"நேரமாகுது, சொல்றதச் சீக்கிரம் சொல்லு" என்றார்.

கைஹுவான் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டாள். சத்தமாகப் பேசியே பழக்கப்பட்டவள், அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத்தான் சொன்னாள்.

"அத்தை, ஏறிக்கோங்க. எல்லாரும் போற பெருவழில போவாதீங்க. ஆத்தத் தாண்டி மேக்கால போங்க. பைலுவத் தேடி, முன்னால உக்கார வெச்சுக்கோங்க. இந்தத் தடவ யாரு கேட்டாலும் கொடுத்துடாதீங்க."

காகிதக் குதிரை எரிய எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் என் தொழிலை முதல் தடவையாக நானே நின்று பார்த்தேன். பன்னிரண்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. பாங் என்னைத் தாண்டிப் போகும்போது, "சரி, நடந்துடுச்சு" என்று முணுமுணுத்தார். கைஹுவானுக்கும் அது கேட்டது. அவள் ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அதுதான். இனி யாங்போவில் எந்தப் பெண் கேட்டாலும் குதிரை உண்டு.

அவள் குதித்துக் கொண்டாடுவாள் என்று நினைத்தேன். சாம்பல் படிந்த தொப்பியோடு என்னிடம் வந்து நின்றாள்.

"முப்பத்தெட்டு வருஷம் என்னோட தண்ணிக்குச் சண்ட போட்டாங்களே தம்பி. இத ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லியிருந்தா, அவங்க கண்ண மூடறதுக்கு முன்னாடியே போய்த் தேடியிருப்பேனே." தொப்பியைக் கழற்றிச் சாம்பலைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "செத்திருந்தா குதிர போய்ச் சேரும். உயிரோட இருந்தா யாரு போறது?"

ஏழாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளும் தெஷுனும் பேருந்து ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார்கள். கையில் இருந்ததெல்லாம் எலி வருஷம், வெண்பனிப் பருவம், ஓர் உப்பு வியாபாரி, இவ்வளவுதான். சந்தைகளில் நின்று, வந்த கிழவர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதுவரை நாலு தரம் போய்வந்துவிட்டார்கள். பைலு கிடைக்கவில்லை. போன தரம் திரும்பிவந்து, என் கடை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். அவள் சொல்லச் சொல்லத் தெஷுன் எழுதிய பெயர்கள், பதினொன்று. அத்தனையும் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து கூடையில் வந்ததாகக் கேள்விப்பட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வொருத்தியும் சேதி கேட்டுத் தானாகத் தேடிவந்து, கைஹுவான் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் காட்டி, அது நான்தானா பாருங்கள் என்று கேட்டிருக்கிறாள்.